சால்னா வாசனைக்கு எழுந்து போகும் தம்பி: சாப்பாடும் நடையும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் ஒரு அக்கா. தம்பிக்கு 27 வயது. எட்டு மாதத்துக்கு முன்னால், ராத்திரி பரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் திரும்பும்போது விபத்து. நண்பன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டான். தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, இப்போது கூடிவிட்டது. ஆனால் ஆள் பழையபடி இல்லை. காலையில் எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மிக்சர், பிஸ்கட், பாத்திரத்தில் மிச்சமிருக்கும் சோறு என்று கைக்குக் கிடைத்ததைச் சாப்பிடுகிறான். பன்னிரண்டு கிலோ ஏறிவிட்டது. தெருமுனைக் கடையில் சால்னா கொதிக்கிற வாசனை வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறான். சித்தப்பா கொண்டுபோய் ஜிம்மில் சேர்த்தார். மூன்றாம் நாள் டிரெட்மில்லிலிருந்து குதித்து ஓடிவந்தவன் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "மாத்திரையெல்லாம் வேண்டாம், நல்லாச் சாப்பிட்டு உடம்ப அசைச்சா தானா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா என்று கேட்கிறார். கடைசியில் போகிறபோக்கில், "எனக்கும் இப்பல்லாம் படபடன்னு வருது, படி ஏறினா மூச்சு வாங்குது" என்று ஒரு வரி.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதுதான் முதல் பதில். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். "பார்த்தியா, மாத்திரை ஒத்துக்கல" என்று வீட்டில் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் கையில் இருக்கட்டும். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பசியைக் கூட்டுகிற மாத்திரை ஏதாவது இதில் இருக்கிறதா? மிர்டாசபின், ஓலான்சபின் மாதிரியானவை பசியையும் எடையையும் ஏற்றும். அப்படி இருந்தால் அந்தப் பன்னிரண்டு கிலோவில் ஒரு பங்குக்கு உங்கள் தம்பி பொறுப்பே இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

சாப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும் இந்தக் காயத்தை ஆற்றாது. ஆனால் அவை இரண்டும் இல்லாமல் சிகிச்சை நொண்டும். இருபது வருஷமாக மனநல சமூகப் பணியில் இருக்கிறேன்; பேரிடரிலும் விபத்திலும் வன்முறையிலும் அடிபட்டவர்களோடுதான் பெரும்பாலான நாட்கள். அதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. இப்படிப்பட்டவர்களுக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்தத் தட்டு எத்தனை மணிக்கு வருகிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். உடற்பயிற்சிக்கும் அதே கணக்குதான்.

காரணத்தைச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று மூளைக்குள் இருக்கும் அமிக்டலா மணி அடித்ததும், அட்ரினலின் பாய்கிறது. ரத்தம் வயிற்றை விட்டு கைகால் தசைகளுக்கு ஓடுகிறது. ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் சோறு செரிக்க வேண்டியதில்லை என்பது உடம்பின் கணக்கு. ஆபத்து முடிந்ததும் மணி நிற்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அது நிற்கவில்லை. ஒரு ஹாரன் சத்தம், ஒரு வாசனை, மறுபடி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் சாப்பாடு இறங்காததற்குக் காரணம் திமிரோ சோம்பலோ இல்லை. இரவெல்லாம் கெட்ட கனவோடு போராடிய உடம்பு, காலையிலும் வயிற்றின் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. அழுத்தம் மாதக்கணக்கில் நீளும்போது கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு வேறு சேர்ந்துகொள்ளும். அது இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைக்கும். உங்கள் வீட்டு மிக்சர் டப்பா ராத்திரியில் காலியாவது இப்படித்தான்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. காலையும் மதியமும் பட்டினி கிடந்தால் சிலருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கும். இறங்கினதை ஏற்றுவதற்கு உடம்பு எடுக்கிற ஆயுதமும் அதே அட்ரினலின்தான். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். நமக்கு அது பசி. விபத்தில் தப்பியவனுக்கு அது அந்த ராத்திரி. பசியையும் பயத்தையும் அவன் உடம்பால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிட வைத்தால், ஒரு நாளில் அடிக்கும் பொய் மணிகளில் சிலதையாவது குறைக்கலாம். என் அனுபவத்தில் உணவு செய்யும் முதல் உதவி இதுதான்.

வெறும் பட்டினியே மனசை என்ன செய்யும் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1944-45ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக. அந்த இளைஞர்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், சோர்ந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். எந்த அதிர்ச்சியும் காணாதவர்களுக்கே இந்த நிலை. அதனால் "வெயிட் போட்டுட்ட, ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்து, விரதம் இரு" என்று இப்போது யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். எடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடை பற்றி இன்னொன்று. 1980களின் நடுவில் சான் டியேகோவில் உடல்பருமனுக்கான சிகிச்சை மையம் நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவருக்கு ஒரு விஷயம் புரியவில்லை. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் வராமல் போனார்கள். உட்கார்ந்து கேட்டபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பெருத்த உடம்பு அவர்களுக்கு ஒரு மறைப்பு, ஒரு மதில். சாப்பிடுவது ஒரு ஆறுதல். பிறகு ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து 1998ல் அவர் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைப்பருவக் கொடுமைகளுக்கும் பிற்கால உடல்நோய்களுக்கும் இருக்கும் தொடர்பை உலகத்துக்குக் காட்டியது. உங்கள் தம்பியின் கதை வேறு. ஆனாலும், ராத்திரி இரண்டு மணிக்கு அவன் சாப்பிடுவது அவனுக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொடுக்கிறது. கனவிலிருந்து விழித்தவனை அந்த மிக்சர்தான் தரைக்குக் கொண்டுவருகிறது. டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு வாழைப்பழமும், ஃபிளாஸ்கில் சூடான பாலும் மேசையில் எடுத்து வையுங்கள். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அவனே புரிந்துகொள்வான்.

இனி, தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது.

ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மனச்சோர்வு நோய் இருந்த, சாப்பாட்டு முறையும் மோசமாக இருந்த 67 பேர். ஒரு பாதிக்கு உணவு ஆலோசகர். மறு பாதிக்கு அதே அளவு நேரம் பேச்சுத் துணை மட்டும். காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய், கொட்டைகள் கூட்டி, இனிப்பும் பொரித்ததும் பாக்கெட் தீனியும் குறைத்தார்கள். 12 வாரத்தில் உணவுக் குழுவில் 32 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் அடங்கின. பேச்சுத் துணைக் குழுவில் 8 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் சின்ன ஆய்வு, தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று பங்கேற்றவர்களுக்கே தெரியும், எடுத்துக்கொண்டது மனச்சோர்வை. விபத்து அதிர்ச்சியை இல்லை. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த மருந்தையும் கவுன்சலிங்கையும் நிறுத்தாமல்தான் இதைச் செய்தார்கள். அது உங்கள் வீட்டு விவாதத்துக்கு மிக முக்கியம்.

அடுத்து, மீன் எண்ணெய் மாத்திரை. ஜப்பானில் விபத்தில் பலத்த அடிபட்ட 110 பேருக்கு, ஆபத்து முடிந்தும் பயம் உடம்பில் தங்கிவிடும் அதிர்ச்சி நோய் (பி.டி.எஸ்.டி.) வராமல் தடுக்க, மீன் எண்ணெயில் இருக்கும் டிஎச்ஏ என்ற கொழுப்புச்சத்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை என்று 2015ல் முடிவு வந்தது. அதனால் ஆயிரம் ரூபாய் கொடுத்து டப்பா வாங்க வேண்டாம். மத்தியும் நெத்திலியும் கிடைத்தால் வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள், போதும்.

"செரோட்டோனின் குடலில்தான் சுரக்கிறது, அதனால் வாழைப்பழம் சாப்பிட்டால் மகிழ்ச்சி வரும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. குடலில் சுரப்பது நிஜம், உடம்பில் உள்ளதில் பெரும்பங்கு அங்கேதான். ஆனால் அது மூளைக்குள் நுழைய முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு காவல் இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வாழைப்பழத்தைப் பசிக்குக் கொடுங்கள்.

நம் வீட்டுச் சாப்பாடு இந்த விஷயத்தில் மோசமில்லை. கீரைக் கடைசல், சாம்பார், சுண்டல், முட்டை, தயிர், ஒரு காய்ப் பொரியல் என்று வைத்தால் மேலே சொன்ன ஆய்வின் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நம் தட்டில் பிரச்சினை சோற்று மலையும் அதன் ஓரத்தில் கரண்டியளவு காயும்தான். காலையில் இட்லி இறங்கவில்லையா, கேழ்வரகுக் கூழோ நீராகாரமோ மோர் விட்டுக் கொடுங்கள். குடிக்கிற மாதிரி இருந்தால் கட்டிப்போன தொண்டையிலும் இறங்கும். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவர் என்பதால் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பி12 குறைந்தால் சோர்வும் மறதியும் மனக்கலக்கமும் வரும். செடிகொடி உணவில் அது கிடையாது, பால், முட்டை, மீன், கறியில்தான் இருக்கிறது. குறை இருந்தால் அதைச் சரிசெய்வதில் நிச்சயமான பலன் உண்டு. குறை இல்லாதவருக்குச் சத்து மாத்திரை அள்ளிப் போடுவதில் அந்த நிச்சயம் இல்லை.

ஆனால் சால்னா வாசனைக்கு எழுந்து போகிறவனிடம் புரதம், நார்ச்சத்து என்று எதைப் பேசுவது? அவனுக்கு உணவே காயத்தின் ஒரு பகுதி.

சுனாமி வந்துபோனபின், 2005 தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில், தகரமும் தார் ஷீட்டும் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் வேலை செய்தேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்து ஆட்கள் பயிற்சி கொடுத்த காலம். எனக்கு அனுபவம் அதிகமில்லை. அந்த மாதங்களில் கரையோரம் பூராவும் மீனைத் தொடாத வீடுகள் இருந்தன. கடலோடு போன உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற எண்ணம். பிறந்ததிலிருந்து மீனைத் தின்று, மீனை விற்று வாழ்ந்தவர்கள். ஒரு பெரியம்மா குழம்புச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார், உள்ளே செதில் ஒன்றுகூட இல்லாமல். நிவாரணச் சாப்பாட்டுப் பொட்டலம் பக்கத்திலேயே பிரிக்காமல் இருக்கும். சத்துணவு பற்றி நாங்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அடுப்பில் ரசம் வைத்து, "வாக்கா, உக்காரு" என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் சாப்பிட்டார். மீன் வெகுநாள் கழித்து, தானாக, ஒரு நாள் அந்தச் சட்டிக்கு வந்தது.

ஈழத்தில் 2009ல் முள்ளிவாய்க்காலின் கடைசி வாரங்களில் பலரின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அரிசியும் தண்ணீரும் உப்புமான கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் அதே கஞ்சியைக் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். குண்டு விழும்போது வரிசையில் நின்று வாங்கிய அதே கஞ்சி, இப்போது இறந்தவர்களின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் ஆட்கள் இருக்க, தாங்களாக விரும்பிக் குடிப்பது. அரிசியும் உப்பும் மாறவில்லை. அதைச் சுற்றி இருப்பது மாறியிருக்கிறது.

உங்கள் தம்பியும் ஒரு நாள் அந்தப் பரோட்டாவுக்குத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதை நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு, பயம் போயிடும்" என்ற வைத்தியம் வேண்டவே வேண்டாம். அந்த வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்யும் வேலை. இன்னொன்றையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிப் பிழைத்தவர்கள் பலர் மனசுக்குள், "அவன் இல்லாதப்ப எனக்கென்ன சோறு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வண்டி ஓட்டியவன் உங்கள் தம்பி. அவன் சாப்பாட்டைத் தள்ளுவதில் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனையும் இருக்கலாம். அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால், "அப்படியெல்லாம் பேசாத" என்று அடைக்காமல் கேளுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

நம் ஊர்களில் துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சோறு கொண்டுவந்து, கையைப் பிடித்து உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தன் வயிற்றைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தவர்கள் ஏற்படுத்திய ஏற்பாடு அது. ஆனால் பதினாறாம் நாளோடு அது முடிந்துவிடுகிறது. இழப்பு இறந்தவன் வீட்டுக்கு மட்டும்தான் என்று ஊர் நினைக்கும். பிழைத்தவன் வீட்டுக்கு யாரும் சோறு கொண்டுவருவதில்லை. உங்கள் தம்பிக்கு அந்தப் பதினாறு நாளும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது ஜிம். ஏன் ஓடிவந்தான் என்று அவனிடம் யாராவது கேட்டீர்களா? நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். டிரெட்மில்லில் ஏறி ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு அடிக்கும், மூச்சு இரைக்கும், உள்ளங்கை வியர்க்கும். விபத்து ராத்திரி உடம்பு இருந்ததும் இப்படியேதான். அதோடு காதைக் கிழிக்கிற பாட்டு, பின்னால் யாரோ இரும்புத் தட்டைத் தரையில் போடுகிற ஓசை. ரோட்டில் பைக் விழுந்த சத்தத்துக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. அவனைத் தப்பிக்கச் சொல்லி உடம்பு உத்தரவு போட்டது, கீழ்ப்படிந்தான். அவ்வளவுதான்.

உடற்பயிற்சி உதவுவதும் இதே இடத்தில்தான். நெஞ்சு வேகமாக அடித்தால் சாவு வருகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. நெஞ்சு அடிக்கும், அப்புறம் தானாக இறங்கும், ஒன்றும் ஆகாது என்பதை அது புதிதாகக் கற்க வேண்டும். பேச்சால் இதைக் கற்பிக்க முடியாது. அடிக்கடி, சின்ன அளவில், பத்திரமான இடத்தில் நடந்து பார்த்துத்தான் கற்க வேண்டும். முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டினால் பழைய பாடம்தான் உறுதிப்படும்.

ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆஸ்திரேலியாவில் அதிர்ச்சி நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த 81 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு 12 வாரம் எடைப் பயிற்சியும் நடையும் சேர்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நோய்க்குறிகள் அதிகம் குறைந்தன. மனச்சோர்வுக்கு, அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயது தாண்டிய 156 பேரிடம் நடத்தி 1999ல் வெளியான ஆய்வில், 16 வாரம் உடற்பயிற்சி செய்தவர்களும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறினார்கள். மாத்திரை வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே வாரம் மூன்று நாள், ஆட்கள் கூட நின்று செய்ய வைத்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கட்டிலைவிட்டே எழாதவனிடம் "ஓடு" என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிஷம் வேகநடை மாதிரியான உழைப்பு வேண்டும் என்கிறது. அதில் பாதி செய்தவர்களுக்கே மனச்சோர்வு வரும் வாய்ப்பு, ஒன்றும் செய்யாதவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2022ல், ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் அடங்கிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அந்தப் பாதியையும் மாதக்கணக்கில் மெல்ல எட்டினால் போதும்.

நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். காலை ஆறரை மணி, பத்து நிமிஷம், நீங்களோ அப்பாவோ கூடப் போங்கள். பேச வேண்டிய அவசியமில்லை. விபத்து நடந்த ரோட்டுப் பக்கம் இப்போது வேண்டாம். போனில் அடி எண்ண வேண்டாம், எடை பார்க்க வேண்டாம். காலை வெளிச்சம் கண்ணில் படுவது ராத்திரித் தூக்கத்தை நேரத்துக்கு இழுக்கும், அதற்காகவே காலை. இரண்டு வாரம் போனதும் மாடிப்படி இருபது வேகமாக ஏறச் சொல்லுங்கள். மேலே நின்று, கையை நெஞ்சில் வைத்து, துடிப்பு இறங்குகிற வரைக்கும் அவனே கவனிக்கட்டும். "இது படி ஏறினதால வந்த துடிப்பு" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். இறங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கட்டும். மறுநாளும் அதே. இந்த இரண்டு நிமிஷத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு ஒரு மணி நேர ஜிம்முக்குக் கொடுப்பதில்லை. தோள்பட்டை முறிந்தவர் என்பதால் எடை தூக்குவதற்கு முன் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

யோகாவும் மூச்சுப்பயிற்சியும் பற்றி அடுத்து கேட்பீர்கள். சுனாமிக்கு எட்டு மாதம் கழித்து நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் மூச்சுப்பயிற்சி ஆய்வு ஒன்று நடந்தது, 2010ல் வெளியானது; பயிற்சி பெற்றவர்களுக்கு ஆறு வாரத்தில் பெரிய அளவில் நிம்மதி கிடைத்தது. முகாம் முகாமாகப் பிரித்தார்கள், குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதால் அளந்துதான் நம்ப வேண்டும். அமெரிக்காவில் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழு 2014ல் வெளியிட்டது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு: அதிர்ச்சி நோய் எந்தச் சிகிச்சைக்கும் சரியாக அடங்காத 64 பெண்கள், வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். யோகா குழுவில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் நோய் வரையறையை விட்டு வெளியே வந்தார்கள். மற்றக் குழுவில் ஐந்தில் ஒருவர்.

ஆனால் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். அதே தார் ஷீட் கொட்டகையில், வட்டமாக உட்காரவைத்து "கண்ணை மூடுங்க, மூச்சைக் கவனிங்க" என்று நான் சொன்னபோது ஒரு மீனவர் சட்டென்று எழுந்துவிட்டார். "கண்ண மூடுனா தண்ணி வருது சார்" என்றார். பயிற்சிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. வெளியே போய் நைந்துபோன வலையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, கை ஒரே தாளத்தில் போய்வந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் யாரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை. சவாசனத்தில் மல்லாந்து படுப்பதும் சிலருக்குப் பயத்தைக் கிளப்பும், குறிப்பாக வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு. உங்கள் தம்பிக்கு மூச்சுப்பயிற்சி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தேங்காய் துருவுவது, வாசல் பெருக்குவது, எதுவானாலும் கை ஒரு தாளத்தில் ஓடட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ, எனர்ஜி டிரிங்க் வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாராயம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்குகிற பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது தூங்க வைத்து, கனவு காணும் தூக்கத்தைக் கலைத்து, விடியற்காலையில் படபடப்போடு எழுப்பிவிடும்.

இதோடு முறையான மனச்சிகிச்சை வேண்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவு வழியாகச் செய்யும் இ.எம்.டி.ஆர். இரண்டையும் உலக சுகாதார நிறுவனமே 2013ல் பரிந்துரைத்திருக்கிறது. மாத்திரை மட்டும் வாங்கிவராமல், இவற்றில் ஒன்றைச் செய்பவரிடம் அனுப்ப முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவன் சொன்னாலோ, சொல்லாமல் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, இந்தப் பதிலையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரி. படபடப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குவது. தம்பிக்குக் காலையில் ஊட்டப் பார்த்து, வேலைக்குப் போய், எல்லோரும் சாப்பிட்டபின் மூன்று மணிக்கு டீயோடு எதையாவது விழுங்குகிற ஆள் நீங்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகையின் படபடப்பும் மனப் பதற்றத்தின் படபடப்பும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, ரத்தத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்குத் தம்பிக்குக் கூழ் ஊற்றும்போது இன்னொரு டம்ளர் உங்களுக்கும் ஊற்றி, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து குடியுங்கள். அவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும் அன்றைக்கே உங்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டு, இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.